டிரம் தாணுவின் மகள் முங்கின கதை

தாணுமாலையன் என்ற பெயருக்குள் மூன்று தெய்வங்கள் இருக்கிறார்கள். ஒருவர் தலையில் ஓர் ஆற்றையே சுமக்கிறவர். இன்னொருவர் பாற்கடலில் நிரந்தரமாகப் படுக்கை போட்டவர். மூன்றாமவர் தண்ணீரில் முளைத்த தாமரைமேல் உட்கார்ந்து உத்தியோகம் பார்க்கிறவர். மூன்று பேருக்கும் தண்ணீரோடு இவ்வளவு பழக்கம் இருந்தும், அந்தப் பெயரைச் சுமந்து திரிகிற மனிதருக்காக ஒருவரும் தண்ணீரிடம் சிபாரிசு செய்யவில்லை. திருவனந்தபுரத்து ஆரியசாலையில் பிளாஸ்டிக் சாமான் மொத்தக் கடையில் வேலை பார்த்த தாணுமாலையனுக்குத் தண்ணீர் என்றாலே பயம். வாளியில் இருந்தால் பரவாயில்லை. வாளியைவிடப் பெரிய எதில் இருந்தாலும் அந்தத் தண்ணீருக்கு ஏதோ கெட்ட எண்ணம் இருப்பதாகவே அவர் நம்பினார்.

கடையில் காலையிலிருந்து மாலைவரை அவர் விற்றதெல்லாம் வாளி, குடம், கப்பு, டிரம். அத்தனையும் தண்ணீர் பிடிக்கிற சாமான். தண்ணீர் மட்டும் கடையில் இல்லை. அதனால்தான் அந்த வேலையில் அவர் நிலைத்தார் என்று மனைவி இசக்கிசெல்வி சொல்லுவாள். திருநெல்வேலிக்காரி, தாமிரபரணியில் முங்கி எழுந்து வளர்ந்தவள். புருஷனின் இந்தப் பயத்தைக் கல்யாணமான வாரமே கண்டுபிடித்துவிட்டாள்.

அவருக்கு ஊர் சுசீந்திரம். அங்கே கோயிலை ஒட்டிப் பெரிய தெப்பக்குளம். கூட்டாளிகள் எல்லாரும் தொபுக்கென்று சாடும்போது தாணு படித்துறையில் உட்கார்ந்து அவர்களுடைய செருப்பையும் சட்டையையும் காத்துக்கொண்டிருப்பார். வேலைக்குத் திருவனந்தபுரம் வந்த பிறகும் அந்த உத்தியோகம் அவரை விடவில்லை. கடைப்பையன்களோடு சங்குமுகம் கடற்கரைக்குப் போனாலும் சரி, கோவளம் போனாலும் சரி, எல்லாரும் செருப்பை அவர் முன்னால் குவித்துவிட்டுத் தண்ணீருக்கு ஓடுவார்கள். ஒருமுறை குற்றாலத்தில் முதலாளி தன் பல்செட்டையே கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு அருவிக்குள் போனார். தாணு அதை வாழையிலையில் பொதிந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். நம்பிக்கையான ஆள் என்று அவருக்குப் பெயர். அந்தப் பெயரை வாங்க அவர் செய்ததெல்லாம் கரையிலேயே உட்கார்ந்திருந்ததுதான்.

ஒரே மகள். அம்மாவின் பெயரான மாடம்மாளை வைக்க வேண்டும் என்று தாணு ஆசைப்பட்டார். "இந்தப் பேர வச்சிட்டு அவ இந்த ஊர் பள்ளிக்கூடத்துக்கு எப்பிடிப் போவா" என்று செல்வி மறுத்து, பக்கத்து வீட்டு மலையாளப் பெண்ணிடம் கேட்டு ஆர்ஷா என்று வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று இதுவரை மூன்று பேருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்த ஆர்ஷா, பேசும்போது இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கிளறிவிடுவாள். அவள் வாயில் தண்ணீர் வெள்ளமாகும், பயம் பேடியாகும், பார்த்துக்கொள்வது நோக்குவதாகும்.

அவள் பதினைந்து வயதில் டியூஷன் சென்டர் டூருக்குப் போனாள். வித்துராவுக்கு அப்பால் ஓர் ஆற்றங்கரை. திரும்பி வந்தவள் சாப்பிடாமல் மூலையில் உட்கார்ந்தாள்.

"என்ன மக்ளே, டூர் நல்லா இல்லியா?" என்று கேட்டார் தாணு.

"எல்லாரும் வெள்ளத்தில சாடினானுவ. எனக்கு பேடியாயிட்டு. நான் கரையில இருந்தேன்."

"கரையில இருந்து என்ன செஞ்ச?"

"செருப்பு நோக்கினேன்" என்றாள் ஆர்ஷா. "சஜின் இல்லியா, என் கிளாஸ்ல, அவன் மொபைலும் கண்ணாடியும் எங்கிட்ட தந்தான். ஆர்ஷா உண்டல்லோ, ஒண்ணும் போகாதுன்னு சொன்னான்."

சொத்து என்று சொல்லிக்கொள்ள தாணுவிடம் ஒன்றுமில்லை. அப்படிப்பட்டவர் மகளுக்கு விட்டுவைத்த ஒரே சீதனம் இந்தச் செருப்புக் காவல்தானா என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. செல்வி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "அப்பனுக்குப் பொறந்தது வேற எப்பிடி இருக்கும்" என்று சொல்லி அந்த வெட்கத்தில் இன்னும் கொஞ்சம் உப்பைப் போட்டாள்.

"பரீட்சை கழிஞ்சு இன்னொரு டூர் உண்டு, அப்பா" என்றாள் ஆர்ஷா. "அதுல நான் வெள்ளத்தில எறங்குவேன். இல்லேன்னா போகவே மாட்டேன். செருப்பு நோக்க மட்டும் எனக்கு வய்யா."

மறுநாளே தாணு மகளுக்கு நீச்சல் கிளப் தேடக் கிளம்பினார்.

முதலில் போனது பெரிய கிளப். நீலத் தண்ணீர், விசில், சுவரெல்லாம் கோப்பை. ஹரிகுமார் என்ற கோச் ஆர்ஷாவை ஏற இறங்கப் பார்த்தார். "பதினஞ்சு வயசோ? லேட் ஆயிப்போயல்லோ" என்றார், ஏதோ பிள்ளைக்குச் சோறூட்டும் சடங்குக்கு மீசை முளைத்தவனைக் கூட்டி வந்ததுபோல. அப்புறம் பெரிய மனசு பண்ணி, ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பேட்ச்சில் சேர்த்துக்கொண்டார். அந்த வாண்டுகள் வாத்துக் குஞ்சுகளாக அங்குமிங்கும் பாய, நடுவில் ஆர்ஷா கம்பியைப் பிடித்துக்கொண்டு விளக்குக்கம்பம்போல நின்றாள். தண்ணீர் அவள் முட்டிக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. "சேச்சிக்கு பேடியாணோ?" என்று ஒரு முன்பல் இல்லாத பயல் கேட்டான். அந்தக் கேள்வியிலும் அவள் ஒரு வாரம் தாக்குப்பிடித்தாள் என்பதே பெரிய விஷயம்.

அடுத்த வாரம் கடையில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது ஹரிகுமாரிடமிருந்து போன் வந்தது. "மோள் முங்கி, கேட்டோ" என்றார். பின்னால் விசில் சத்தம். லைன் அறுந்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முங்கி என்றால் இந்த ஊர் மலையாளப் பேச்சில் ஆள் தலைமறைவு, வகுப்புக்கு மட்டம் என்று அர்த்தம். சாலைக் கடைவீதியில் வருஷக்கணக்கில் வேலை பார்த்த தாணுவுக்கு அது தெரியாததல்ல. லோடு இறக்க வேண்டிய ஆள் வராவிட்டால் "அவன் முங்கி" என்று அவரே சொல்லுவார். ஆனால் நீச்சல் குளத்திலிருந்து போன் வந்து மகள் முங்கினாள் என்றால் எந்த அப்பனுக்கு மலையாளம் நினைவிருக்கும்? அவர் காதில் விழுந்தது சுத்தமான சுசீந்திரத்துத் தமிழ். முங்கினாள் என்றால் தண்ணீருக்குள் போய்விட்டாள் என்றுதான் அர்த்தம்.

தாணு அலறவில்லை. கையருகே இருந்த பெரிய நீல டிரம்மைத் தூக்கினார். மூடி இறுகப் போட்ட டிரம் மிதக்கும் என்பது அவருடைய தொழில் ஞானம். அதை ஓர் ஆட்டோவில் திணித்து, தான் பாதி வெளியே தொங்கிக்கொண்டு கிளப்புக்குப் போய்ச் சேர்ந்தார். டிரம்மைக் கட்டிப்பிடித்தபடி குளத்தங்கரைக்கு ஓடி வந்த மனிதரைப் பார்த்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சந்தோஷத்தில் கைதட்டினார்கள். குளத்தில் ஆர்ஷா இல்லை.

"இதென்தா?" என்று கேட்டார் ஹரிகுமார், டிரம்மைக் காட்டி.

"எம் பிள்ள எங்க?"

"அதல்லே பறஞ்சது. முங்கி. கிளாசுக்கு வந்நில்ல."

தெருமுனை பேக்கரியில் ஆர்ஷா பப்ஸ் தின்றுகொண்டிருந்தாள். அப்பாவையும் டிரம்மையும் சேர்த்துப் பார்த்ததும் அவளுக்கு வாயில் இருந்தது உள்ளே போகவில்லை. தாணு திட்ட வாயெடுத்தார். அது வராமல் அழுகை வந்தது. பேக்கரிக்காரர் இரண்டு பேருக்கும் டீ கொடுத்து, டிரம் என்ன விலை என்று விசாரித்தார். அன்று மாலைக்குள் ஆரியசாலை முழுக்க அவருக்கு டிரம் தாணு என்று பெயராகிவிட்டது. பெயரிலிருந்த மூன்று தெய்வங்களில் மாலுக்கும் அயனுக்கும் அன்றோடு வேலை போயிற்று.

அடுத்தது ஒரு குடியிருப்புச் சங்கத்தின் பெண்கள் பேட்ச். அங்கே சேச்சிகள் இடுப்பளவு தண்ணீரில் வட்டமாக நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். நீந்திப் போய்விட்டால் பேச்சு விட்டுப்போகும் என்பதால் ஒருவரும் நீந்தவில்லை. ஆர்ஷாவிடம் சொந்த ஊர் எது, மார்க் எவ்வளவு, தலைமுடிக்கு என்ன எண்ணெய் என்று கேட்டார்கள். நீந்தத் தெரியுமா என்று மட்டும் கேட்கவில்லை. அவள் மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, "எனக்கு அங்க கல்யாண ஆலோசனை வரும்போல இருக்கு" என்றாள். தாணு அதோடு அதை நிறுத்தினார்.

கிளப் கிடைத்தது கடையில்தான். சிஜி என்று ஒரு பெண், ஆண்பிள்ளைச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக வந்து பெரிய பேசின்களாகப் பொறுக்கினாள். விசிலைப் பார்த்ததும் தாணுவுக்குப் பழைய காய்ச்சல் லேசாக வந்தது. எதற்கு இத்தனை பேசின் என்று கேட்டார்.

"நீந்தான் படிப்பிக்கான். பேடியுள்ளவர் ஆத்யம் பேசினில முகம் வைக்கணும்" என்றாள் நீச்சல் சொல்லிக்கொடுக்கிற அந்த சிஜி. "நீர்க்கோலின்னு ஞங்ஙளுடெ கிளப்."

நீர்க்கோலி என்றால் தண்ணீர்ப் பாம்பு. தாணு ஓர் அடி பின்னால் நகர்ந்துகொண்டு, "பதினஞ்சு வயசுக்காரிய எடுப்பீங்களா? ஒண்ணுமே தெரியாது" என்று கேட்டார்.

"ஒண்ணும் அறியாத்தவர் மாத்ரமே அவிடே உள்ளூ" என்றாள் சிஜி. அவள் பேச்சும் ஆர்ஷாவின் பேச்சும் ஒரே ஜாதி என்று தோன்றியதால் தாணுவுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

கைமனத்தில் ஒரு கல்யாண ஆடிட்டோரியத்தின் பின்கட்டில் இருந்தது அந்தக் குளம். கோப்பை ஒன்றுகூட இல்லை. முகூர்த்த நாளில் மேளச் சத்தமும் அவியல் வாசனையும் சுவரைத் தாண்டி வரும். பேட்ச்சில் இருந்தவர்கள் ஒரு ரிட்டயர்டு பேங்க்காரர், ஒரு ஓட்டல் சமையல்காரர், ஆர்ஷா வயசில் இரண்டு பெண்கள். அவர்களில் பேங்க்காரர்தான் அதிகம் அழுகிறவர். புதிதாக வருகிறவர்கள் தண்ணீரில் தாங்கள் பட்ட அவமானத்தைச் சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். ஆர்ஷா தயங்கித் தயங்கி அப்பாவும் டிரம்மும் வந்த கதையைச் சொன்னாள். எல்லாரும் சிரித்துக் கைதட்டினார்கள். வாசலில் காத்திருந்த தாணுவை சமையல்காரர் வந்து கட்டிப்பிடித்தார். இதற்கு முன்னால் எந்தக் கிளப்பிலும் இவர்களை யாரும் இப்படிச் சேர்த்துக்கொண்டதில்லை.

சிஜியைப் பெரிய ஞானி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பாதி நாள் தாமதமாக வருவாள். நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தோடு கரையில் உட்கார்ந்து, வாய் நிறைய அதை வைத்துக்கொண்டு கத்துவாள். என்ன கத்தினாள் என்று ஒருவருக்கும் விளங்காது. ஆனால் யாரையும் அவசரப்படுத்தமாட்டாள். வராத வேலையை விட்டுவிட்டு வருகிற வேலையைச் செய்யச் சொல்லுவாள். ஆர்ஷா தண்ணீருக்குள் நடந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் அடித்தாள். பலகையை அணைத்துக்கொண்டு குறுக்கே போய்க்கூட வந்தாள். தலையை மட்டும் உள்ளே விடமாட்டேன் என்றாள். பேசினில் முகம் வைக்கச் சொன்னால் பேசினைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிடுவாள். கழுத்துக்குக் கீழே நீச்சல்காரி, கழுத்துக்கு மேலே தாணுமாலையனின் மகள்.

பரீட்சை முடிந்தது. டூருக்கு அடுத்த வாரம் நாள் குறித்துவிட்டார்கள். தலை இன்னும் உள்ளே போகவில்லை. "இல்லப்பா, நான் போகல்ல" என்று ஆர்ஷா சாதாரணமாகச் சொன்னாள். சாதாரணமாகச் சொன்னதுதான் தாணுவுக்குப் பொறுக்கவில்லை. குற்றாலத்தில் பல்செட்டை வாங்கிக்கொண்டபோது அவரும் இப்படித்தான் சாதாரணமாகக் கை நீட்டினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முகூர்த்த நாள். கடையில் அவர் டிரம்முகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சிஜி. பின்னால் மேளம் பிளந்துகொண்டிருந்தது.

"ஆர்ஷாயுடெ அச்சனல்லே? மோள் முங்கி. வேகம் வா" என்றாள். அதற்குமேல் செண்டைதான் கேட்டது.

தாணு இந்த முறை டிரம்மைத் தொடவில்லை. ஒரு மனிதன் ஒரே சொல்லில் இரண்டு தடவை விழுவானா? மனைவிக்குப் போன் போட்டு, "செல்வி, பிள்ள திரும்பவும் முங்கிட்டா" என்றார்.

"கிளாசுக்குப் போகலியா?"

"அதான். மனசு விட்டுட்டா பாத்தியா. நான் போயி கூட்டிட்டு வாறேன்."

"ஏசாதீங்க" என்றாள் செல்வி. அவள் அப்படிச் சொல்லுவது அபூர்வம்.

கைமனத்தில் இருந்த பேக்கரியில் ஆர்ஷா இல்லை. ஜூஸ் கடையிலும் இல்லை. சரி, சிஜியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு, இனி பிள்ளை வரமாட்டாள் என்று சொல்லிவிடலாம் என்று ஆடிட்டோரியத்துக்குள் நுழைந்தார். நுழைந்த நேரம் பந்திக் கதவைத் திறந்தார்கள். இந்த ஊர்ப் பந்திக் கதவு திறக்கும்போது அதன் எதிரே நிற்பவன் பெண் வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்பதற்கெல்லாம் நேரமில்லை. கூட்டம் தாணுவை அள்ளிக்கொண்டுபோய் ஓர் இலை முன்னால் உட்கார வைத்தது. உப்பேரி வறுவலும் இஞ்சிப்புளியும் விழுந்தன. மகளைத் தேடி வந்த துக்கத்திலும் ஒரு உப்பேரியை வாயில் போட்டுக்கொண்டார் என்பதை மறைப்பானேன். அப்புறம் எழுந்து பின்கதவு வழியாகக் குளத்துக்குப் போனார்.

சிஜி கரையில் சம்மணமிட்டு வறுவல் தின்றுகொண்டிருந்தாள். பேங்க்காரரும் சமையல்காரரும் ஓரமாக நின்று குளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளத்தில் யாரும் இல்லை.

"மன்னிச்சிரணும் டீச்சர்" என்று தொடங்கினார் தாணு. "அவ இனிமே..."

சிஜி வாயில் விரல் வைத்துக் குளத்தைக் காட்டினாள். நடுவில் குமிழி வந்தது. பின்னாலேயே கருப்பாக ஒரு தலை. ஆர்ஷாவின் தலை. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஒழுக, கண்ணை உருட்டிப் பக்கச் சுவரைப் பார்த்தாள். ஒரு வாய் மூச்சை இழுத்தாள். மறுபடியும் உள்ளே போய்விட்டாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் பட்டு முண்டு கட்டிய பையன் ஒருவன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்கு வந்தவன். சஜின். "அது ஆர்ஷாயல்லே?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தான்.

நடந்தது இவ்வளவுதான். இடுப்பளவு தண்ணீரில் பலகையைக் கட்டிக்கொண்டு நிற்பதை சஜின் பார்த்துவிடக் கூடாது. ஓடிப்போக பேக்கரி பக்கத்தில் இல்லை. இருந்த ஒரே மறைவிடம் தண்ணீர். அதற்குள் ஒளிந்துகொண்டாள். கிளாசுக்கு முங்கிப் பழகினவள் அன்றைக்குக் கிளாசுக்குள்ளேயே முங்கினாள். மலையாளத்திலும் தமிழிலும் ஒரே நேரத்தில் முங்கினாள் என்றும் சொல்லலாம்.

"ஆத்யம் அவனை கண்டு பேடிச்சு முங்கினது" என்றாள் சிஜி. "இப்போ அவனுக்காக இல்ல. சும்மா முங்குது. நோக்கிக்கோ."

உண்மைதான். அடுத்த தடவை எழுந்தபோது ஆர்ஷா சுவரைப் பார்க்கவில்லை. சஜின் பாயசத்துக்காக அதற்குள் இறங்கிப் போயிருந்தான். அவள் அப்பாவைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, உள்ள ஒண்ணும் இல்லப்பா" என்றாள். "சும்மா நீலமா இருக்கு. மேளம் கூட கேக்கல்ல."

தாணுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் உள்ளே என்னென்னவோ இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார். கேட்கவும் ஆளில்லாமல், போய்ப் பார்க்கவும் தைரியமில்லாமல் கரையிலேயே காலம் போய்விட்டது.

ஆர்ஷா படியேறி வந்து ஈரக் கையை நீட்டினாள். "ஒரு படி எறங்கு. வாளி மாதிரிதான், கொஞ்சம் பெருசு."

"வேட்டி கெட்டிருக்கேன், மக்ளே."

"முண்டு வெள்ளத்தில பாடில்ல" என்று, வேட்டியோடு இறங்கக் கூடாதென்று சட்டம் பேசினாள் சிஜி. சரக்கு இறங்குகிற நாட்களில் தாணு வேட்டிக்குள்ளே அரை டிரவுசர் போடுவார் என்பது அவருடைய துரதிர்ஷ்டம். தப்பிக்க வேறு சாக்கு கிடைக்கவில்லை. வேட்டியை அவிழ்த்தார். சட்டைப்பையில் இருந்ததை எடுத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, பழக்கத்தில் அதைத் தன் கையிலேயே எடுத்துக்கொண்டார்.

"இங்க தா" என்று ஆர்ஷா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள்.

முதல் படியில் கால் வைத்ததும் கம்பியைப் பிடித்தார். இரண்டாவது படியில் பேங்க்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தானும் சேர்ந்து அழுதார். மூன்றாவது படியில் தண்ணீர் இடுப்புக்கு வந்தது. தாணு கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். கெட்ட எண்ணம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

அப்போதுதான் செல்வியின் போன் வந்தது. ஆர்ஷா கரையில் முட்டி போட்டுக் குனிந்து போனை அப்பாவின் காதில் வைத்தாள்.

"பிள்ள கெடச்சாளா?" என்றாள் செல்வி.

"கெடச்சா. இங்கதான் நிக்கா."

"என்ன செய்யா?"

தாணு நிமிர்ந்து மகளைப் பார்த்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, தேய்ந்த செருப்பு இரண்டையும் மார்போடு அணைத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"செருப்பு காக்கா" என்றார்.

செல்வி உடைந்த குரலில், "இன்னைக்குமா? ஆரு செருப்ப?" என்று கேட்டாள்.

"என் செருப்ப" என்றார் தாணுமாலையன்.